துள்ளும் படிகங்கள்

திருஷ்டி சுற்றிய கல்லுப்பை அடுப்பில் போட்டால் படபடவென்று வெடிக்கும். ஓசை எவ்வளவு பலமோ அவ்வளவுக்குக் கண்பட்டிருக்கிறது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதே ஓசையை நான் மறுபடியும் கேட்டது வேதியியல் செய்முறை வகுப்பில். அங்கே அடுப்புக்குப் பதில் புன்சன் விளக்கு. கல்லுப்புக்குப் பதில் காரீய நைட்ரேட்டு. உலர்ந்த சோதனைக் குழாயில் சிறிதளவு உப்பை எடுத்துச் சூடாக்கினேன். படிகங்கள் படபடத்தன. பின்னர்ப் பழுப்பு நிற வாயு வந்தது. இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விட்டேன்.

வாய்மொழித் தேர்வின்போது பேராசிரியர் என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து, “ஏன் வெடித்தது?” என்று கேட்டார்.

“படிகநீர் ஆவியாகி வெளியேறுவதால், ஐயா” என்றேன் தயங்காமல்.

“காரீய நைட்ரேட்டில் படிகநீர் எத்தனை மூலக்கூறு?”

நான் வாயடைத்து நின்றேன். காரீய நைட்ரேட்டில் படிகநீரே இல்லை என்பது வாய்பாட்டை எழுதிப் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவர் கடிந்துகொள்ளவில்லை. “குழாயைப் பார்த்து எழுதினாயா, புத்தகத்தைப் பார்த்து எழுதினாயா? நீர் சிறிதும் இல்லாமலே துள்ளுகிற படிகங்கள் உண்டு. தேடிப் படித்துவிட்டு வா” என்றார். அப்படித் தேடிப் படித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

இருவகைத் துள்ளல்

முதலில் உப்பின் துள்ளலைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கரைசலிலிருந்து படிகம் வளரும்போது தாய்க்கரைசலின் சிறு துளிகள் படிகத்தின் உள்ளே சிறைப்பட்டுவிடுகின்றன. இது படிகநீர் அன்று. வாய்பாட்டில் இதற்கு இடமில்லை; படிகத்தின் கட்டமைப்பிலும் பங்கில்லை. சூடேறும்போது இத்துளிகள் ஆவியாகின்றன. ஆவியின் அழுத்தம் தாங்காமல் படிகம் பிளந்து சிதறுகிறது. சாதாரண உப்பு, காரீய நைட்ரேட்டு ஆகியவை படபடப்பது இதனால்தான். எண்ணெயில் கடுகு வெடிப்பதும் ஏறத்தாழ இதே வகை. உள்ளே நீர், வெளியே உறை, இடையே ஆவியின் அழுத்தம்.

இரண்டாம் வகைத் துள்ளலில் ஆவிக்கு வேலையே இல்லை. படிகத்தினின்று எதுவும் வெளியேறுவதில்லை. எடை குறைவதில்லை. வேதிச் சேர்மம் வேறொன்றாக மாறுவதுமில்லை. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையை எட்டியதும் ஊசி முனையளவே உள்ள அப்படிகம் தகட்டிலிருந்து எழும்பி, தன் நீளத்தைப்போலப் பல மடங்கு தூரத்தில் போய் விழுகிறது. சில சேர்மங்களில் குளிர்விக்கும்போதும் இவ்வாறே துள்ளுகிறது. இதனை வெப்பத்துள்ளல் விளைவு என்று தமிழில் அழைக்கலாம்.

துள்ளலின் வரலாறு

அமெரிக்க விஞ்ஞானி மார்கரெட் எட்டர் 1983-ஆம் ஆண்டில் சீடில் என்பவருடன் சேர்ந்து ஒரு பல்லேடியச் சேர்மத்தை ஆராய்ந்தார். பீனைலசோபீனைல் பல்லேடியம் ஹெக்சாபுளூரோ அசிட்டைல்அசிட்டோனேட்டு என்பது அதன் நீண்ட பெயர். நுண்ணோக்கியின் சூடேற்றும் மேடையில் இப்படிகங்களை வைத்துச் சூடாக்கியபோது அவை மேடையை விட்டே பறந்தன. இத்தகைய படிகங்களுக்கு ‘தெர்மோசேலியன்ட்’ என்ற பெயர் வழங்குகிறது. தெர்மோ என்பது வெப்பத்தையும், சேலியன்ட் என்பது துள்ளுதலையும் குறிக்கும். ஹைட்ரஜன் பிணைப்புகளை வகைப்படுத்தியதற்காகவும் படிகவியலார் போற்றும் எட்டர், 1992-இல் ஐம்பது வயதை எட்டுமுன்பே மறைந்தார்.

அதன்பின் இத்தகைய செய்திகள் ஆங்காங்கே வந்துகொண்டிருந்தன. 1991-இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் பெர்ஹைட்ரோபைரீன் என்ற ஹைட்ரோகார்பனின் படிகம் துள்ளுவதைத் தெரிவித்தனர். 1993-இல் இனோசிட்டாலின் வழிப்பொருள் ஒன்று, 2000-இல் டெட்ராபுரோமோபென்சீன் எனப் பட்டியல் மெல்ல வளர்ந்தது. ஆயினும் நெடுங்காலம் இவை வேடிக்கைச் செய்திகளாகவே இருந்தன. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. படிகத்தின் உள்ளமைப்பை அறிய எக்ஸ்-கதிர்க் கருவியில் அது அசையாது நிற்க வேண்டும். துள்ளுகிற படிகமோ, அளக்க வேண்டிய அதே நொடியில் பார்வையை விட்டே மறைந்துவிடுகிறது!

2010-க்குப் பிறகு நிலைமை மாறியது. அபுதாபியிலுள்ள நியூயார்க் பல்கலைக்கழகக் கிளையில் பணியாற்றும் பாஞ்சே நௌமோவும், இஸ்ரேல் நாட்டுப் படிகவியலார் ஜோயல் பெர்ன்ஸ்டைன் போன்றோரும் இதனை முறையாக ஆராய்ந்தனர். அதிவேக ஒளிப்படக் கருவியால் துள்ளலைப் படம்பிடித்து, எக்ஸ்-கதிர் அளவீடுகளோடு ஒப்பிட்டனர். வேடிக்கை என்று ஒதுக்கப்பட்டது அறிவியலின் ஒரு கிளையாயிற்று.

பல்லுருத்தன்மையும் நிலைமாற்றமும்

சாதாரண உப்பில் அயனிகளும், வைரத்தில் சகப்பிணைப்புற்ற அணுக்களும் படிகத்தைக் கட்டுகின்றன. நாப்தலீன், சர்க்கரை, ஆஸ்பிரின் போன்றவற்றின் படிகங்களில் செங்கற்களாக அமைபவை முழு மூலக்கூறுகள். இவற்றை மூலக்கூறுப் படிகங்கள் என்கிறோம். ஒரு மூலக்கூற்றின் உள்ளே அணுக்கள் வலுவாகப் பிணைந்துள்ளன. ஆனால் மூலக்கூற்றுக்கும் மூலக்கூற்றுக்கும் இடையே உள்ளவை வாண்டர் வால்ஸ் விசை, ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற வலுக்குறைந்த விசைகளே.

வலுக்குறைந்த விசைகளாதலால் ஒரே மூலக்கூறு பலவிதமாக அடுக்கப்படலாம். ஒரே அளவு செங்கற்களைக் கொண்டு இரு கொத்தனார்கள் இருவிதமாகச் சுவர் எழுப்புவது போல. இதுவே பல்லுருத்தன்மை. நாம் பாடத்தில் படித்த கந்தகம் இதற்கு நல்ல சான்று. சுமார் 95.5 டிகிரி செல்சியசுக்குக் கீழே சாய்சதுரக் கந்தகம் நிலையானது. அதற்கு மேலே ஊசி வடிவான ஒற்றைச்சரிவுக் கந்தகம் நிலையானது. ஊசிக் கந்தகத்தை அறை வெப்பநிலையில் வைத்தால் அது மெல்ல மெல்லத் தெளிவிழந்து சாய்சதுரக் கந்தகமாகிறது. மாற்றம் உண்டு, துள்ளல் இல்லை.

இரண்டுமே நிலைமாற்றம்தான் என்றால் கந்தகம் ஏன் துள்ளவில்லை? இக்கேள்வியில்தான் நம் பொருளின் உயிர்நாடி இருக்கிறது.

எல்லாரும் ஒரே நேரத்தில்

பேருந்து நிலையத்தில் ஒரு பேருந்திலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறும் பயணிகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவராக இறங்கி, ஒவ்வொருவராக ஏறுவர். கந்தகத்தின் மாற்றம் இத்தகையது. மூலக்கூறுகள் பழைய அடுக்கிலிருந்து விடுபட்டுப் புதிய அடுக்கில் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. இடையில் தோன்றும் இறுக்கம் அவ்வப்போதே தளர்ந்துவிடுகிறது.

இனி என்.சி.சி. அணிவகுப்பைப் பாருங்கள். ‘வலப்புறம் திரும்பு’ என்றதும் யாரும் வரிசையை விட்டு அகலாமல் அனைவரும் ஒருசேரத் திரும்புகின்றனர். துள்ளும் படிகங்களில் மூலக்கூறுகள் இவ்வாறே அண்டை அயலாரைப் பிரியாமல், சிறிதளவே நகர்ந்தோ திரும்பியோ, கூட்டாக மாறுகின்றன. எஃகைச் செந்தழலாகக் காய்ச்சித் திடீரெனக் குளிர்விக்கும்போது இரும்பு அணுக்களில் நிகழும் கூட்டு மாற்றமும் இவ்வகையினதே. ஜெர்மன் உலோகவியலார் அடால்ஃப் மார்ட்டென்சின் பெயரால் அதை மார்ட்டென்சைட்டு மாற்றம் என்பர். கொல்லன் உலையில் நிகழும் அதே வகை மாற்றம் ஒரு கரிமச் சேர்மத்தின் சிறு படிகத்தில் நிகழ்கிறது என்பது எனக்குப் பெருவியப்பாக இருந்தது.

கூட்டாக மாறுவது மட்டும் போதாது. மாற்றம் எல்லாத் திசையிலும் சமமாக இருந்தால் படிகம் சற்றுப் பருத்ததோடு நின்றுவிடும். மழைக்காலத்தில் மரக்கதவு ஊறி நிலையில் இறுகிக்கொள்வதை அறிவோம். மரம் நாரின் குறுக்குவாட்டில்தான் பெரிதும் ஊதுகிறது. நார் ஓடும் திசையில் அன்று. மூலக்கூறுப் படிகங்களும் திசைக்குத் திசை வேறுபடுபவை. திசையொவ்வாப் பண்பு எனப்படும் இதனைக் காந்த முறையில் நுட்பமாக அளந்தவர் விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். டாக்காவிலும் பின்னர்க் கல்கத்தாவிலும் பணியாற்றிய அவர், நாப்தலீன், ஆந்தரசீன் போன்ற படிகங்களின் காந்தப் பண்பு திசைதோறும் மாறுவதை அளந்து, அதிலிருந்து மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்பதை உய்த்தறிய வழிகாட்டினார்.

துள்ளும் படிகங்களில் இந்தத் திசை வேறுபாடு மிகவும் பெரிது. எட்டர் கண்ட பல்லேடியச் சேர்மத்தை 2014-இல் மீண்டும் ஆராய்ந்தபோது அதற்கு ஐந்து படிக உருவங்கள் இருப்பது தெரிந்தது. அவற்றிடையேயான நான்கு மாற்றங்களில் ஒன்றே ஒன்றுதான் துள்ள வைக்கிறது. இப்படிகம் ஒரு திசையில் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 260 பங்கு என்ற அளவில் விரிகிறது. எஃகின் விரிவு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்குதான். அதாவது இருபது மடங்குக்கும் மேல்! வேறொரு திசையிலோ, சூடேறச் சூடேறச் சுருங்குகிறது. மேலும், பழைய அமைப்புக்கும் புதிய அமைப்புக்கும் இடைப்பட்ட எல்லைக்கோடு, துள்ளாத மாற்றங்களில் நகர்வதைப்போலப் பத்தாயிரம் மடங்கு வேகத்தில் படிகத்தினூடே பாய்கிறது.

இப்போது காரணம் விளங்கும். படிகத்தின் ஒரு பகுதி நீள விரும்புகிறது. இன்னும் மாறாத பகுதி அதைத் தடுக்கிறது. எல்லையில் இறுக்கம் சேர்கிறது. தாங்கும் எல்லை கடந்ததும் அவ்வளவு இறுக்கமும் ஒரே கணத்தில் விடுபடுகிறது. படிகம் தகட்டை உதைத்து எழும்புகிறது. முற்றிய காசித்தும்பைக் காயைத் தொட்டவுடன் அது சுருண்டு வெடித்து விதைகளை வீசுகிறதல்லவா? தொட்ட விரல் அந்த விசையைத் தரவில்லை. காயின் தோலில் முன்பே சேர்ந்திருந்த விசைக்கு விரல் வழிதான் திறந்தது. இங்கே வெப்பத்தின் பங்கும் அத்தகையதே.

ஒரு சிறு கணக்கு

துள்ளலுக்குப் பேராற்றல் வேண்டுமோ என்ற ஐயம் எனக்கு இருந்தது. காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்தேன். படிகத்தின் நீளம் 1 மி.மீ., அகலம் 0.5 மி.மீ., தடிமன் 0.2 மி.மீ. என்று கொள்வோம். கன அளவு 0.1 கன மி.மீ. அடர்த்தி கன செ.மீ.க்கு 2 கிராம் எனில் நிறை 0.2 மில்லி கிராம். இது 2 செ.மீ. உயரம் துள்ளினால், நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கக் கிடைக்கும் ஆற்றல், ஒரு ஜூலைப் பத்துக்கோடிக் கூறுகளாக்கினால் அவற்றில் ஏறத்தாழ 4 கூறுகளே. எழும்பும் வேகம் நொடிக்குச் சுமார் 63 செ.மீ.

மூலக்கூறு எடையை 400 என்றும், நிலைமாற்ற வெப்பத்தை ஒரு மோலுக்கு 1,000 ஜூல் என்றும் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். இப்படிகத்தின் மாற்றத்தில் கைமாறும் மொத்த வெப்பத்தில், துள்ளலுக்குச் செலவாவது சுமார் 12,500-இல் ஒரு பங்குதான்! ஆக, துள்ளும் படிகத்திடம் இருப்பது மிகுந்த ஆற்றல் அன்று. உள்ள ஆற்றலில் ஒரு துளியை ஒரே கணத்தில், ஒரே திசையில் செலவிடும் திறன்தான். ஆற்றலின் அளவைவிட அது விடுபடும் வேகமே துள்ளலைத் தீர்மானிக்கிறது என்பது இக்கணக்கில் நான் கண்ட உண்மை.

மருந்தும் படிகமும்

இது வேடிக்கை மட்டுமன்று என்பதற்கு மருந்துத் துறையே சான்று. மூச்சுக்குழலை விரிவடையச் செய்யப் பயன்பட்ட ஆக்சிட்ரோப்பியம் புரோமைடு என்ற மருந்தின் படிகங்கள் துள்ளுவதை 2010-இல் பெர்ன்ஸ்டைன், நௌமோவ் ஆகியோரின் குழுவினர் விளக்கினர். சூடாக்கும்போது மூலக்கூற்றின் வடிவமே சற்றுத் திருகுகிறது. அதன் விளைவாகப் படிகக் கூட்டின் ஓர் அச்சு 11 விழுக்காடு நீள்கிறது. மற்றோர் அச்சு 7 விழுக்காடு குறுகுகிறது. மொத்தக் கன அளவோ 4 விழுக்காடுதான் கூடுகிறது. கன அளவை மட்டும் பார்த்தால் சிறு மாற்றம். அச்சுகளைத் தனித்தனியே பார்த்தால் ஒரு பூகம்பம்.

இம்மாற்றம் நிகழும் வெப்பநிலை சுமார் 45 டிகிரி செல்சியஸ் என்பதையும் கருத வேண்டும். சித்திரை வெயிலில் பூட்டிக் கிடக்கும் வண்டிக்குள்ளும், தகரக் கூரையின் கீழும் இவ்வெப்பம் எளிதில் எட்டப்படும். ‘குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்று மருந்துப் பெட்டியில் அச்சிட்டிருப்பதை நாம் ஒரு சடங்காகவே படிக்கிறோம். படிக உருவம் மாறினால் மருந்து கரையும் தன்மையும் மாறக்கூடும். எச்.ஐ.வி. நோய்க்கான ரிட்டோனவிர் என்ற மருந்தில், துள்ளல் ஏதுமின்றியே, 1998-இல் எதிர்பாராத புதிய படிக உருவம் ஒன்று தோன்றியது. அது முன்னையதைவிட மிகக் குறைவாகவே கரைந்தது. மருந்துறைகளை விற்பனையிலிருந்து திரும்பப் பெற்று, மருந்தை வேறு வடிவில் செய்ய வேண்டியதாயிற்று. மூலக்கூறு ஒன்றே; அடுக்கு மாறியது; நோயாளிக்குக் கிட்ட வேண்டிய மருந்து கிட்டாமற் போனது.

ஒளியில் துள்ளுபவையும் பயன்களும்

வெப்பம் மட்டுமன்றி ஒளியும் சில படிகங்களைத் துள்ளச் செய்கிறது. கோபால்ட்டின் அணைவுச் சேர்மங்களில் நைட்ரோ தொகுதி நைட்ரஜன் வழியாகவோ ஆக்சிஜன் வழியாகவோ பிணையலாம் என்று இணைப்பு மாற்றியத்தில் படித்திருக்கிறோம். நைட்ரோ பென்டம்மின் கோபால்ட் குளோரைடு நைட்ரேட்டின் படிகத்தின்மீது புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் அந்தப் பிணைப்பு மாறுகிறது, இறுக்கம் சேர்கிறது, படிகம் துள்ளுகிறது. இத்துள்ளலின் இயக்கத்தை 2013-இல் விரிவாக ஆராய்ந்துள்ளனர். தேர்வுக்காக உருப்போட்ட ஒரு மாற்றியம் கண்ணெதிரே குதிக்கும் என்று யார் நினைத்தோம்?

அதே 2013-இல் டெட்ராபுரோமோபென்சீனின் இரட்டைப் படிகங்களை ஆராய்ந்தவர்கள், அவற்றை ஈருலோகப் பட்டைக்கு ஒப்பிட்டனர். இஸ்திரிப் பெட்டியில் சூடு மிகுந்ததும் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கிறதே, அந்தப் பட்டைதான். 2017-இல் துள்ளும் படிகத்தின்மீது உலோகப் பூச்சிட்டு மின் உருகியாகவும் பயன்படுத்திக் காட்டினர். சூடேறியதும் படிகம் துள்ள, மின்சுற்று அறுகிறது. பாலியெஸ்டர் துணிக்கு மூலப்பொருளான டெரிதாலிக் அமிலத்தின் படிகங்களும் உருவம் மாறும்போது துள்ளுபவையே. வளைத்தால் வளைந்து, சூடாக்கினால் பழைய வடிவுக்கு மீளும் இயல்பும் அவற்றுக்கு உண்டு என 2016-இல் வெளியிட்டனர்.

குறை ஒன்று உண்டு. துள்ளும் படிகங்கள் பல வேளைகளில் உடைந்து போகின்றன. ஓரிரு முறை மட்டும் வேலை செய்யும் கருவியை யார் விரும்புவர்? இதற்குத் தீர்வு வேறு திசையிலிருந்து வரலாம். கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தாரும், கரக்பூர் ஐ.ஐ.டி.யினரும் 2021-இல் ஒரு புதுமையான கரிமப் படிகத்தை அறிவித்தனர். அது உடைந்தால், உடைந்த முகங்களில் தோன்றும் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்த்துத் துண்டுகளைத் தாமே பொருந்தச் செய்கின்றன.

எப்படி வேறுபடுத்துவது?

படிகம் துள்ளுவதைக் கண்டால் அது எவ்வகைத் துள்ளல் என்று அறிய மூன்று கேள்விகள் உதவும். எடை குறைந்ததா? குறைந்திருந்தால் ஏதோ வெளியேறியிருக்கிறது. உப்பின் வகை என்று ஐயுறலாம். குறிப்பிட்ட வெப்பநிலையில்தான் துள்ளுகிறதா? ஆம் எனில் நிலைமாற்றத்தைத் தேட வேண்டும். குளிர்வித்து மீண்டும் சூடாக்கினால் மறுபடி துள்ளுகிறதா? சிறைப்பட்ட நீர் ஒருமுறை போனால் போனதுதான். நிலைமாற்றமோ பல சேர்மங்களில் மீளக்கூடியது. இறுதிச் சொல் எக்ஸ்-கதிருக்கே உரியது என்றாலும், தராசும் வெப்பமானியும் பொறுமையும் இருந்தால் நம் ஆய்வுக்கூடத்திலேயே பாதி வழி போய்விடலாம்.

இக்கட்டுரையை எழுதுமுன் நான் மீண்டும் ஆய்வுக்கூடத்திற்குச் சென்று இரு குழாய்களில் கல்லுப்பை எடுத்தேன். ஒன்றில் உப்பைக் கல்லாகவே இட்டேன். மற்றதில் கலுவத்தில் நன்கு பொடித்து இட்டேன். இரண்டையும் ஒரே விளக்கில் ஒன்றன்பின் ஒன்றாகச் சூடாக்கினேன். முதற்குழாய் படபடத்தது. இரண்டாவதில் ஓசை மிகக் குறைவு. பொடிக்கும்போதே உட்சிறைகள் திறந்துவிட்டதுதான் காரணம். நீரில்லாமல் துள்ளும் படிகத்தை நான் இன்னும் நேரில் கண்டதில்லை. ஆனால் நீரால் துள்ளும் படிகத்தை முதன்முறையாக அன்றுதான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்பெல்லாம் அதன் ஓசையைக் கேட்டு, புத்தகத்திலிருந்த வரியை எழுதியதோடு சரி.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை குழாயில் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தால், அதைப் பிழை என்று அடித்துவிடாமல் அப்படியே ஒரு வரி எழுதி வையுங்கள். என் குறிப்பேட்டில் அந்தப் பழைய வரியின் கீழ் இப்போது இன்னும் இரண்டு வரிகள் சேர்ந்துள்ளன: ‘படிகநீர் அன்று, சிறைப்பட்ட தாய்க்கரைசல். கல்லுப்பில் ஒப்பிட்டது: பொடித்துச் சூடாக்கியபோது ஓசை குறைந்தது.’ பேராசிரியர் அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார். பிறகு, “காரீய நைட்ரேட்டைப் பொடித்துப் பார்த்தாயா?” என்று கேட்டார். அது அடுத்த வாரச் செய்முறை வகுப்புக்கு.